தத்து என்று நான் சொன்னதும் நீ கேட்டதும்

வளர்ந்துவிட்ட என் மகனுக்கு,

இதை எழுதும்போது நீ வளர்ந்திருக்கவில்லை. உனக்கு ஏழு வயது நடக்கிறது. காலையில் ஒரு கால் சாக்ஸை உள்ளே வெளியே மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வேனில் ஏறிப் போனாய். நான் எழுதுவது அந்தப் பையனுக்கு இல்லை. மீசையைத் தடவிக்கொண்டு, "என்னம்மா இது, இவ்ளோ நீளமா எழுதி வச்சிருக்கே" என்று கேட்கப்போகிற ஓர் ஆளுக்கு. அந்த ஆள் வரும்வரை காத்திருந்து நேரில் சொல்லலாம்தான். ஆனால் எனக்கு என்னைத் தெரியும். இரண்டு வருடம் போனால் நடந்ததை ஒரு வேடிக்கைக் கதையாக்கி, கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருக்கும்போது சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிடுவேன். இப்போது எனக்கு அது சிரிப்பாக இல்லை. இந்த அதிர்ச்சி ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும்.

எல்லோரும் படிக்கும்படி இதை வெளியிடுவதில் உன் அப்பாவுக்கு முதலில் விருப்பமில்லை. "அவன் விஷயம், அவன் பெரியவனானதும் அவனே சொல்லிக்கட்டும்" என்றார். அதனால் உன் பெயரை எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. ஆனாலும் வெளியிடுகிறேன். நாங்கள் செய்த தவறு கெட்டவர்கள் செய்கிற தவறு இல்லை; அக்கறையாக நாலு புத்தகம் படித்து, நாலு கூட்டத்துக்குப் போய், குழந்தையின் மனசைப் பற்றி ராப்பகலாகக் கவலைப்படுகிற அம்மா அப்பாவுக்குத்தான் அது வாய்க்கும். அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருப்பார்கள்.

நீ எங்களிடம் வந்தபோது உனக்கு ஒன்றரை வயது. ஒரு குழந்தைகள் காப்பகத்திலிருந்து வந்தாய். இதை நாங்கள் உன்னிடம் ஒருநாளும் மறைக்கவில்லை. நினைவு தெரிவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், அது அவனுக்குத் தன் பெயரைப் போலப் பழகிப்போக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆகவே 'தத்து' என்ற சொல் நம் வீட்டில் உப்புப் புளி மாதிரிப் புழங்கியது. நீ காப்பகத்து வராந்தாவில் தத்தித் தத்தி நடந்து வந்து உன் அப்பாவின் கால்சட்டையைப் பிடித்தாய். "தத்தித் தத்தி வந்ததாலதான் நீ தத்துப் பையன்" என்று உன்னைக் குளிப்பாட்டும்போதெல்லாம் சொல்வேன். நீயும் அந்தச் சொல்லைப் பட்டம் மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்தாய். கேளம்பாக்கத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம், "நான் தத்துப் பையன், நீங்க?" என்று கேட்டாய். அந்த அம்மாள் முழித்த முழி இன்னும் கண்ணில் இருக்கிறது. எனக்கோ உள்ளுக்குள் பெருமை. பார், என் பிள்ளைக்கு இதில் ஒரு கூச்சமும் இல்லை, எவ்வளவு சரியாக வளர்த்திருக்கிறேன் என்று.

நாய் வேண்டும் என்று நீ கேட்க ஆரம்பித்தது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகு. எனக்குப் பயம். எனக்கு எதற்குத்தான் பயமில்லை? உனக்குச் சளி பிடித்தால் பயம், பிடிக்காவிட்டால் ஏன் இன்னும் பிடிக்கவில்லை என்று பயம். ஆனால் படூரில் நம் குடியிருப்புக்கு எதிரே உள்ள பூங்காச் சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். நாய் பூனைகளுக்கான தத்தெடுப்பு முகாம் பற்றி. நீ எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் குதித்தாய். "அம்மா! தத்துன்னு போட்டிருக்கு!" எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைவிட அழகாக ஒன்று அமையுமா என்று தோன்றியது. நான் உன் முன்னால் குந்தி உட்கார்ந்து, உன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, புத்தகத்தில் வரும் அம்மா மாதிரி சொன்னேன்: "ஆமாண்டா கண்ணா. உன்னை மாதிரியே ஒரு நாய்க்குட்டியையும் தத்து எடுத்துக்கலாம்."

உன்னை மாதிரியே. இந்த இரண்டு வார்த்தையைத்தான் இப்போது நான் நினைத்து நினைத்துக் கூசுகிறேன்.

முகாம் நடத்தியவர்களின் நாய் பூனைக் காப்பகம் திருவிடந்தையைத் தாண்டி, கடற்கரைச் சாலையிலிருந்து சவுக்குத் தோப்புக்குள் இறங்கும் மண் பாதையின் முடிவில் இருந்தது. பாதி செங்கல் சுவர், பாதி நீலத் தார்ப்பாய். சம்பளத்துக்கு அங்கே யாரும் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், அக்கம்பக்கத்துக்காரர்கள் என்று கிடைத்த நேரத்தில் வந்து கழுவி, சோறு வடித்துப் போட்டு, புண்ணுக்கு மருந்து தடவிவிட்டுப் போகிறார்கள். மஞ்சள் போட்டு வேகவைத்த கோழிக் கழுத்தின் வாடையும் பினாயில் வாடையும் கடல் காற்றும் கலந்து முகத்தில் அடித்தன. மூன்று கால் நாய், கண் தெரியாத பூனை, நடக்க முடியாமல் சாக்கில் படுத்துக்கொண்டே வாலாட்டும் கிழ நாய். யாரும் கொண்டுபோகாவிட்டால் அவை கடைசிவரை அங்கேயே இருக்கும். இடமில்லை, செலவு தாங்கவில்லை என்று ஊசி போட்டு முடித்துவிட மாட்டார்கள். அதுதான் அவர்கள் கொள்கை. அதை வாசலில் ஒரு பலகையில் எழுதியும் வைத்திருந்தார்கள். நீ அதன் முன் நின்று ஒவ்வொரு சொல்லாகப் படித்தாய். "இங்கே... எந்த உயிரும்... கொல்லப்படாது." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாய்: "அப்போ வேற எங்கம்மா கொல்லுவாங்க?"

அங்கே நின்றிருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை என்பதை நான் பார்த்தேன், ஆனால் அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்குக் காப்பகத்தைச் சுற்றிக் காட்டியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஜெனி. ஊரப்பாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வார விடுமுறையெல்லாம் இங்கேதான். இன்னொருவர் தேசிங்கு, திருவிடந்தையில் ஆட்டோ ஓட்டுகிறவர். அடிபட்ட நாய்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வருவது அவர் ஆட்டோதான். அவர் உன்னைப் பார்த்ததுமே, "இன்னா நைனா, எது புட்ச்சிக்கீது?" என்றார். நீ பழுப்பு நிறத்தில், வால் மட்டும் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்த ஒரு நாட்டு நாயைக் காட்டினாய். குட்டி என்று சொல்ல முடியாது, முழு நாய் என்றும் சொல்ல முடியாது. "அத்தயா? சரியான ஆளத்தான் புட்ச்ச. வால பாத்தியா, முறுக்காட்டம் கீது. அதான் பேரே முறுக்கு. கூப்டு பாரு, வருவான்." நீ கூப்பிட்டாய். முறுக்கு வந்தான். உன் முழங்கையை முகர்ந்துவிட்டு உன் செருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டான். அவ்வளவுதான், முடிந்தது.

கிளம்பும்போது தேசிங்கு உன் அப்பாவிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வளர்க்க முடியாமல் போகிறவர்கள் நாயை நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போகிறார்கள், அவை லாரியில் அடிபட்டு மறுபடி அவர் ஆட்டோவுக்கே வருகின்றன. அந்த வயிற்றெரிச்சலில் சொன்னார். "சார், ஒரு மாசம் வூட்ல வச்சிப் பாரு. ஒத்து வந்துச்சா, ஒன் புள்ள. வர்லியா, ஒரு போன் அடி, நானே வந்து திருப்பி இட்டாந்துடுறேன். ரோட்ல மட்டும் உட்டுடாத சார், ஒனக்குப் புண்ணியமாப் போவும்." ஜெனி சேர்த்துக்கொண்டாள்: "நடுவுல நான் ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்ப்பேன் அக்கா. எப்படி இருக்கான், சாப்பிடறானா, ஒழுங்கா இருக்கானான்னு." நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். உன் உள்ளங்கை வியர்த்து ஈரமாக இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

முறுக்கு வந்த பிறகு வீடு தலைகீழானது. என் புதுச் செருப்பைத் தின்றான். பால்கனிக் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டிக் கீழே போகிற எல்லா ஸ்கூட்டரையும் பார்த்துக் குரைத்தான். மாடியில் குடியிருப்பவர் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "நாயா மேடம் வளர்க்கிறீங்க, இல்ல சைரனா?" என்று கேட்டார். ஆனால் இதற்கெல்லாம் நடுவில் ஓர் அதிசயம் நடந்தது என்று நான் நம்பினேன். நீ மாறினாய். பாகற்காயை முணுமுணுக்காமல் சாப்பிட்டாய். எழுப்புவதற்கு முன்னால் எழுந்து போர்வையை மடித்து வைத்தாய். டிவியை நிறுத்து என்றால் நிறுத்தினாய். முறுக்கு கூடத்தில் மூத்திரம் பெய்துவிட்டால், நான் பார்ப்பதற்குள் உன் துண்டாலேயே துடைத்துவிட்டு, அந்தத் துண்டைத் துணிக்கூடையின் அடியில் ஒளித்து வைத்தாய். படுக்கப் போகும்போது ஒரு கேள்வி கேட்பாய்: "அம்மா, இன்னைக்கு நான் நல்லா இருந்தேனா?" நான் உன் நெற்றியில் முத்தம் கொடுத்து, "ரொம்ப நல்லா இருந்தே" என்பேன். உன் அப்பாவிடம், "நாய் வந்ததும் பிள்ளைக்குப் பொறுப்பு வந்துடுச்சு பாருங்க" என்றேன். என் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன், குழந்தைகள் இருக்கிற வீட்டில் நாய் வளர்க்க வேண்டும் என்று.

மகனே, உனக்கு ஒரு பிள்ளை பிறந்தாலோ, அல்லது எங்களைப் போல நீயும் ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தாலோ, இந்த ஒன்றை நினைவில் வை. அவன் சேட்டை செய்தால் கவலைப்படாதே. ஒரு காரணமும் இல்லாமல் திடீரென்று நல்ல பிள்ளையாகிவிட்டால், அப்போது பயப்படு. நான் எதற்கெல்லாமோ பயந்தவள். பயப்பட வேண்டிய இடத்தில் பாயசம் வைத்தேன்.

பிறகு முறுக்கு உன் அப்பாவைக் கடித்தான். பெரிய கடி இல்லை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் தட்டை நகர்த்தக் கையை நீட்டினார், வெடுக்கென்று பிடித்துவிட்டான். இரண்டு பல் பதிந்து கொஞ்சம் ரத்தம். காயத்தைக் கழுவிவிட்டு, ஊசி போட்டுக்கொள்ளக் கிளம்புவதற்குள் நான் சமையலறையில் அழ ஆரம்பித்துவிட்டேன். "இன்னைக்கு உங்களை, நாளைக்குப் பிள்ளையைக் கடிச்சா? முகத்தைக் கடிச்சா?" உன் அப்பா நாய்ப் பிரியர். ஆனாலும், "சரி, அழாதே. ஒத்து வரலைன்னா என்ன பண்றது, திருப்பி விட்டுடலாம். அதான் அவங்களே சொல்லியிருக்காங்களே" என்றார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னேன்: "பார்க்கலாம். அந்தப் பொண்ணு வர்றப்ப பேசிக்கலாம்." திரும்பியபோது நீ கதவோரம் நின்றிருந்தாய். தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொன்னாய். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாய்.

ஜெனி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அழைப்பு மணி அடித்ததும் முறுக்கு குரைத்தான், நான் கதவைத் திறந்தேன், உன் அப்பா காபி போடப் போனார். ஜெனி பால்கனிக் கம்பியை ஆட்டிப் பார்த்தாள், முறுக்கின் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பார்த்தாள், அவன் காதைப் புரட்டிப் பார்த்தாள். அப்போது நீ உன் அறையிலிருந்து வெளியே வந்தாய். ஞாயிற்றுக்கிழமையில் பள்ளிச் சீருடை. சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, கறுப்பு ஷூ மாட்டியிருந்தாய். தண்ணீர் தொட்டு நீயாகவே தலை வாரியிருந்தாய். வகிடு கோணலாக இருந்தது. "என்னடா கண்ணா, இன்னைக்கு ஸ்கூலா?" என்று சிரித்தாள் ஜெனி. நீ அவள் முன்னால் போய் நேராக நின்றாய், பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்பது மாதிரி.

"அக்கா, நான் எல்லாம் சாப்பிடறேன்" என்றாய். "பாகற்காய்கூட. அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க."

"அட, சமத்தாச்சே."

"நான் யாரையும் கடிக்கல அக்கா. முறுக்குதான் அப்பாவைக் கடிச்சான்."

ஜெனி என்னைப் பார்த்தாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. நாயைப் போட்டுக் கொடுக்கிறாய் என்று நினைத்து நான் சிரிக்கப் போனேன். அதற்குள் நீ அடுத்ததைச் சொன்னாய். குரல் நடுங்கியது. ஆனால் மனப்பாடம் செய்ததை விடாமல் ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடித்தாய். "முறுக்கு நல்லவன்தான் அக்கா. ஆனா ஒரே ஒரு தத்துதான் வச்சுக்க முடியும்னா, என்னை வச்சுக்கச் சொல்லுங்க அக்கா. நான் ஒத்து வருவேன்."

சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. பால் பொங்கி அடுப்பில் தீயும் வாடை வந்தது. யாரும் அணைக்கவில்லை. நான் அசையவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நான் உன்னை ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. என்னால் முடியவில்லை. பாகற்காய், போர்வை, துண்டு, "இன்னைக்கு நான் நல்லா இருந்தேனா" எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தன. நீ பொறுப்பான பிள்ளையாக ஆகவில்லை. எங்கள் வீட்டில் நீ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். நான் தினமும் படுக்கப் போகும்போது உனக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் வாயைத் திறந்தவள் ஜெனிதான். தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யய்யோ தங்கம், நான் நாய்க்கு மட்டும்தாண்டா வருவேன்! பசங்களுக்கெல்லாம் வர மாட்டேன்டா!" என்றாள், அவளே அழுதுவிடுவாள் போல. நீ நம்பவில்லை. "வருவாங்க. எனக்கும் வந்தாங்களே. பச்சைப் பை வச்சிருந்த ஆன்ட்டி. வந்து என் ரூமைப் பார்த்தாங்க, நான் சாப்பிடறேனான்னு கேட்டாங்க." பிறகு என் பக்கம் திரும்பினாய். "எனக்கு எப்பம்மா முடியும், ஒரு மாசம்?"

உன்னைத் தத்து எடுத்த பிறகு இரண்டு வருடம்வரை, ஒரு சமூகப் பணியாளர் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியாக அவர் வந்தபோது உனக்கு மூன்றரை வயதுகூட நிரம்பவில்லை. அந்தப் பச்சைப் பை என் நினைவிலேயே இல்லை. உனக்கு இருந்திருக்கிறது. தேசிங்கு 'ஒரு மாசம்' என்று சொன்னதும், ஜெனி 'வந்து பார்ப்பேன்' என்று சொன்னதும், நான் 'உன்னை மாதிரியே' என்று சொன்னதும் சேர்ந்து அந்தப் பையை மறுபடி நம் கூடத்துக்குக் கொண்டு வந்துவிட்டன. நீ முட்டாள்தனமாக ஒன்றும் நினைத்துவிடவில்லை. நாங்கள் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் கேட்டுக் கணக்குப் போட்டிருக்கிறாய். சொல் ஒன்று. இடத்தின் பெயரும் ஒன்று, அதுவும் காப்பகம்தான், இதுவும் காப்பகம்தான். வந்து பார்க்கும் வழக்கம் ஒன்று. எங்கள் மனசுக்குள் இருந்த வித்தியாசம் உனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் அதைச் சொல்லவே இல்லையே. யாராவது சொல்வார்களா அதை?

உன் அப்பா ஈரக் கையோடு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பயந்தேன், 'அப்படியெல்லாம் யாரும் வரவில்லை' என்று பொய் சொல்லிவிடுவாரோ என்று. அவர் சொல்லவில்லை. "ஆமா, ஒரு ஆன்ட்டி வந்தாங்க. ஆனா அவங்க உன்னைப் பார்க்க வரலடா. எங்களைப் பார்க்க வந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒழுங்கான அப்பா அம்மாவான்னு."

நீ யோசித்தாய். "பாஸாயிட்டீங்களா?"

"பாஸ்."

"ஃபெயிலாயிருந்தா?"

உன் அப்பா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "மறுபடி எழுதியிருப்பேன். டேய், காலேஜ்ல உங்கப்பன் எத்தனை அரியர் வச்சவன் தெரியுமா? பாஸாகாம விட்டதே கிடையாது." ஜெனி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். நீ சிரிக்கவில்லை. ஆனால் பெல்ட்டைக் கழற்றினாய். அதன் பிறகு ஷூவை. அதன் பிறகு முறுக்கைக் கட்டிக்கொண்டு, அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்து, "ஸாரிடா, ஸாரிடா" என்று அழ ஆரம்பித்தாய். அவனைக் கொடுத்துவிட்டு நீ தங்கப் பார்த்தாயே, அதற்கு. அந்த அழுகையைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

முறுக்கை என்ன செய்வது என்பது அதற்குப் பிறகுதான் உண்மையான கேள்வியானது. அனுப்பினால் நீ பயந்தது சரி என்று நாங்களே ரப்பர் முத்திரை குத்தின மாதிரி. வைத்துக்கொண்டால், கடிக்கிற நாயும் ஆறு வயதுப் பிள்ளையும் ஒரே வீட்டில். நான் ஜெனியிடம் மறைக்காமல் கேட்டேன். அவளும் எனக்காக எதையும் இனிப்பாக்கவில்லை. "பட்டினி கெடந்த நாய் அக்கா. தட்டுல கை வச்சா புடுங்கிடுவாங்கன்னு நினைக்குது. சாப்பிடறப்ப யாரும் கிட்டப் போகாதீங்க, தனியா கதவைச் சாத்தி வைங்க. மாறும். ஆனா மாறியே தீரும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்." இது போதுமான பதிலா என்று எனக்கு அன்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. ஆனாலும் வைத்துக்கொண்டோம். பால்கனியில் கதவைச் சாத்தி அவனுக்குச் சோறு வைக்கிறேன். சாத்திவிட்டோமா என்று மூன்று முறை போய்ப் பார்க்கிறேன்.

அடுத்த முறை திருவிடந்தைக்குப் போனபோது, அந்தச் சொல்லை மாற்றுங்கள் என்று கேட்டேன். தேசிங்குக்கு நடந்ததை ஜெனி சொல்லியிருந்தாள். மனிதர் இடிந்து போயிருந்தார். உன்னைத் தூக்கித் தன் ஆட்டோவின் முன் சீட்டில் உட்கார வைத்து ஹாரனை அமுக்கவிட்டார். பிறகு என்னிடம் தலையைச் சொறிந்துகொண்டு, "தத்துன்னு சொல்லக் கூடாதுன்னா வேற இன்னான்னுதான்க்கா சொல்றது? எட்த்துகினு போன்னா சொல்றது? அதுக்கு நாயே கோச்சிக்குமே" என்றார். யாரோ 'சுவீகாரம்' என்றார்கள், அது இன்னும் மோசம். யாரோ 'புது வீடு' என்றார்கள். இன்னும் முடிவாகவில்லை. அவர்களுக்கு நாள் முழுக்கக் கழுவவும் ஆக்கிப் போடவுமே நேரம் சரியாக இருக்கிறது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. நீ வளர்ந்து யாரையாவது உன் வீட்டுக்குள் அழைத்து வரும்போது, அது மனைவியோ குழந்தையோ நாயோ, 'ஒத்து வருதா பார்க்கலாம்' என்று அவர்கள் காதில் விழும்படி சொல்லாதே. உனக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

கதை அத்தோடு சுபமாக முடிந்திருந்தால் இந்தக் கடிதமும் முடிந்திருக்கும். உனக்குப் புரியவைத்துவிட்டோம் என்று நாங்கள் நினைத்தோம். நீ புரிந்துகொள்ளவில்லை, சரிபார்க்கத் தொடங்கினாய். பாகற்காயைத் தட்டோடு தள்ளினாய். அப்பாவின் கண்ணாடியை ஒளித்து வைத்தாய். வீட்டுச் சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் லாரி வரைந்தாய். ஒவ்வொன்றும் செய்துவிட்டு ஓட மாட்டாய். அங்கேயே நின்று என் முகத்தைப் பார்ப்பாய். நானோ, நடந்ததை நினைத்து, எதற்கும் உன்னைத் திட்டாமல், "பரவாயில்லடா கண்ணா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தேன். அந்தப் புன்னகை உன்னை இன்னும் பயமுறுத்தியிருக்கிறது. விருந்தாளிகள் எதையாவது உடைத்தால்தானே நாம் அப்படிச் சொல்வோம்.

ஒரு சனிக்கிழமை மாமல்லபுரம் போனோம். கடற்கரையில் அலை பெரிதாக இருந்தது. தண்ணீரில் இன்னும் உள்ளே போகப் பார்த்தாய், நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ திரும்பி என் முன்கையைக் கடித்தாய். கோபத்தில் கடித்த கடி இல்லை. நிதானமாக, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, பல் இறங்கும்வரை கடித்தாய். எனக்கு உயிர் போய்விட்டது. புத்தகமும் கூட்டமும் பொறுமையும் எல்லாம் அந்த நொடியில் கடலோடு போயின. "எருமை மாடே! வலிக்குதுடா! அறிவிருக்கா உனக்கு? வா, வீட்டுக்கு வா, இன்னைக்கு உன் தோலை உரிக்கிறேன்!" என்று கடற்கரையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். பஜ்ஜிக் கடைக்காரர்கூட எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று எனக்கே உறைத்து, பயந்துபோய் உன் முகத்தைப் பார்த்தேன். உன் முகம் மலர்ந்திருந்தது. 'வீட்டுக்கு வா' என்று சொன்னேன் இல்லையா. அது மட்டும்தான் உனக்குக் கேட்டிருக்கிறது.

ரத்தம் கசிந்ததால் வரும் வழியில் ஒரு மருத்துவமனையில் வண்டியை நிறுத்தினோம். பணியில் இருந்த மருத்துவர் சின்ன வயதுக்காரர், என்னைவிடவும் களைத்திருந்தார். காயத்தைப் பார்த்ததுமே, "கடியா? வீட்டுல வளர்க்கறதா, தெருவுலயா? ஊசியெல்லாம் போட்டதா?" என்று ஆரம்பித்தார்.

"நாய் இல்ல டாக்டர். பையன்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "யாரு பையன்?"

நீ என் பின்னால் நின்று என் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாய். சுற்றுவது நின்றது.

"என் பையன்தான்" என்றேன். "இதோ, நிக்கறானே இந்தக் கழுதை."

மருத்துவர் எட்டி உன்னைப் பார்த்தார், எனக்கு ஊசி போட்டார், உன்னை இரண்டு வார்த்தை அதட்டினார். நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாய். வீடு வந்ததும் வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்கி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியிடம் ஓடினாய். நானும் உன் அப்பாவும் பின்னால் வந்துகொண்டிருந்தோம். உன் குரல் குடியிருப்பு முழுக்கக் கேட்டது.

"அண்ணே! அண்ணே! நான் எங்கம்மாவைக் கடிச்சிட்டேன்! எங்கம்மாவுக்கு ஊசி போட்டாங்க! எங்கம்மா என் தோலை உரிக்கப் போறாங்க!"

இப்படிக்கு,
உங்கம்மா